நாலு போர்ஷன், ஓர் ஆணி

ஜூன் 5, புதன்

இந்த டைரியைச் சிமெண்ட் கம்பெனிக்காரன் ஜனவரியில் ஓசியில் கொடுத்தான். அன்று முதல் இதன் கடைசிப் பக்கங்களில் என் மனைவி மரகதம் பால் பாக்கெட் கணக்கு எழுதி வருகிறாள். முன்பக்கம் சும்மாதானே கிடக்கிறது என்று இன்று நான் ஆரம்பிக்கிறேன். காரணம் இருக்கிறது. ஐம்பத்தாறு வயதில் முதல்முறையாக ஒரு சொத்து வாங்கப் போகிறேன்.

மற்றவர்கள் சொத்துக்கு விலை சொல்லியே இருபத்தைந்து வருடம் ஓட்டியவன் நான். மதுரையில் நான்கு வங்கிகளுக்கு மதிப்பீட்டாளர். யாராவது வீட்டுக் கடன் கேட்டால் வங்கி என்னை அனுப்பும். போய் டேப் பிடித்து, சுவரைத் தட்டிப் பார்த்து, இந்த வீடு இவ்வளவு பெறும் என்று எழுதிக் கையெழுத்துப் போடுவேன். ஓதம் ஏறிய சுவருக்குப் புதுப் பெயிண்ட் அடித்தவர்கள், பக்கத்து மனையையும் தன் மனையாகக் காட்டியவர்கள் எல்லோரையும் பார்த்தாகிவிட்டது. என்னை ஏமாற்றுகிறவன் இனிமேல்தான் பிறந்து, வளர்ந்து, சிவில் டிப்ளமோ படிக்க வேண்டும்.

அப்படிப்பட்டவர் ஏன் இன்னும் ஒன்பதாயிரம் ரூபாய் வாடகை வீட்டில் இருக்கிறார் என்று என் மச்சினன் ஒவ்வொரு கல்யாணப் பந்தியிலும் கேட்பான். எந்த வீட்டைப் பார்த்தாலும் எனக்குக் குறைதான் முதலில் தெரிகிறது. சமையல்காரனுக்குப் பந்தியில் பசிக்காது. 1997 கதை வேறு, அது இங்கே வேண்டாம்.

ஜூன் 9, ஞாயிறு

புரோக்கர் சீனிச்சாமி வில்லாபுரத்தில் ஒரு வீடு காட்டினார். மூன்று சென்ட் இடம், கீழே இரண்டு, மேலே இரண்டு என்று நாலு போர்ஷன், நாலிலும் ஆள் இருக்கிறது. ஓனர் பெயர் ராஜாங்கம். இரண்டு மினி பஸ் வாங்கி ஓட்டி, இப்போது பஸ்தான் அவரை ஓட்டிக்கொண்டிருக்கிறது. கடனை அடைக்க வீட்டை விற்கிறார். எழுபத்தாறு லட்சம் கேட்கிறார், அதற்கு வீடு பெறும். அஸ்திவாரம் நன்றாக இருக்கிறது, தண்ணீர்த் தொட்டியில் கசிவு இல்லை. குறை தேடித் தேடி எனக்கே அலுத்துவிட்டது.

வாடகை எவ்வளவு என்று நாலு போர்ஷனிலும் கேட்டேன். நாலு பேரும் "எட்டாயிரம் சார்" என்றார்கள், வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல ஒரே குரலில்.

ராஜாங்கம் தங்கமான மனிதர். நாங்கள் கீழ் போர்ஷனில் நிற்கும்போதே அங்கே குடியிருக்கிற ஆரோக்கியம் என்ற அம்மாள் (துணிக்கடையில் பில் போடுகிறவர்) மாதா படம் மாட்டுவதற்காக நடுக்கூடத்துச் சுவரில் மூன்றங்குல ஆணியை டங் டங்கென்று இறக்கிக்கொண்டிருந்தார். ராஜாங்கம் ஒரு சொல் சொல்ல வேண்டுமே. "பாத்தும்மா, வெரல்ல பட்டுறப் போகுது" என்றார், அவ்வளவுதான். என் வீட்டு ஓனர், காலண்டரைப் பசை போட்டு ஒட்டியதற்கே மூன்று நாள் பேசாமல் இருந்தவர். மதுரையில் இப்படியும் ஒரு ஓனர் இருக்கிறார் என்று இங்கே பதிவு செய்கிறேன்.

ஜூன் 10

நாலு எட்டு முப்பத்திரண்டு. மாதம் முப்பத்திரண்டாயிரம் வாடகை வரும். என் சேமிப்பு நாற்பத்தாறு லட்சம், வங்கிக் கடன் முப்பது. அதற்குப் பதினைந்து வருடத் தவணை மாதம் முப்பதாயிரத்துச் சொச்சம். வீடு தன் கடனைத் தானே கட்டும். நான் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தால் போதும்.

மரகதத்திடம் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நம்ம எந்தப் போர்சனுக்குப் போறோம்?" என்றாள்.

"எதுக்கும் போகல. குடியிருக்கிற வீடு செலவு, வாடகை வர்ற வீடு வரவு. இது முதலீடு."

"அப்ப அந்தப் போட்டோ பீரோ மேலயேதான் கெடக்கும்?"

எங்கள் கல்யாண போட்டோவைச் சொல்கிறாள். பெரிய சட்டம் போட்டது. வாடகை வீடுகளில் ஆணி அடிக்க விடுவதில்லை என்பதால் அது பீரோ மேல் மல்லாந்து படுத்திருக்கிறது. ஆறு வீடு மாறியும் அதே படுக்கைதான். முதலீட்டைப் பற்றிப் பேசும்போது போட்டோவைப் பற்றிப் பேசுகிறவளிடம் என்ன சொல்ல?

ஜூன் 17

முப்பது வருடத்துக்கு வில்லங்கச் சான்றிதழ் போட்டுப் பார்த்தேன். ஒரு அடமானம் இல்லை, ஒரு வழக்கு இல்லை. துடைத்து வைத்ததுபோல இருக்கிறது. வக்கீலும் சரி என்றார். வக்கீல் சரி என்று சொல்வதற்கு மூவாயிரம்.

ஜூன் 23, ஞாயிறு

நாலு போர்ஷன்காரர்களிடமும் எழுதி வாங்கிவிட்டேன். "மேற்படி வீட்டில் மாத வாடகைக்கு மட்டுமே குடியிருக்கிறேன். இதைத் தவிர வேறு எந்தப் பாத்தியதையும் எனக்கு இல்லை." மற்ற மதிப்பீட்டாளர்கள் இதைச் செய்ய மாட்டார்கள். நான் எல்லா அறிக்கையோடும் இப்படி ஒரு தாள் வைப்பேன். வாசகம் மனப்பாடம். எங்கே கற்றேன் என்பது இப்போது முக்கியமில்லை.

ஆரோக்கியம் மட்டும் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு, "இது பேங்குக்குத்தான சார்?" என்று கேட்டார். "பேங்குக்குத்தாம்மா" என்றேன். மாதா படத்தைப் பார்த்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

ஜூலை 1

கிரய உடன்படிக்கை போட்டாயிற்று. ஐந்து லட்சம் முன்பணம். இருபது ரூபாய் முத்திரைத்தாளில் எழுதினால் போதும் என்றார் ராஜாங்கம். நானா விடுவேன்? பதிவு அலுவலகத்துக்கே இழுத்துப் போய் உடன்படிக்கையையும் பதிந்துவிட்டேன். இனி அவர் வேறு யாருக்கும் விற்க முடியாது. விளக்கைக் கையில் பிடித்துக்கொண்டு கிணற்றில் விழுகிறவன் நான் இல்லை.

ஜூலை 11

கடன் அனுமதி வந்துவிட்டது. என் வீட்டுக்கு நானே விலை போட முடியாது என்பதால் வங்கி வேறொரு பையனை அனுப்பியது. என்னிடம் தொழில் கற்றவன்தான். நான் சொன்னதையெல்லாம் அப்படியே எழுதிக்கொண்டு, காப்பி குடித்துவிட்டுப் போனான். எதையும் சொந்தமாகப் பார்க்கத் தெரியாத ஜென்மம். இவனை நம்பியும் ஒரு வங்கி நடக்கிறது.

ராஜாங்கம் ஆடி பிறப்பதற்குள் பதிவை முடிக்க வேண்டும் என்று துடிக்கிறார். ஆடியில் யாரும் சொத்து பதிய மாட்டார்கள். எனக்கு அந்த நம்பிக்கையெல்லாம் கிடையாது, ஆனாலும் பதினைந்தாம் தேதி என்று வைத்துக்கொண்டோம்.

ஜூலை 12

பதினைந்தாம் தேதி கிடையாதாம். மரகதம் சொல்லிவிட்டாள். பதிவுச் செலவுக்கு அவள் வளையல்களைத்தான் நம்பியிருந்தேன். வளையல் லாக்கரில், லாக்கர் சாவி அவள் இடுப்பில்.

"ஆவணி பொறக்கட்டும்ங்க. நல்ல நாள் பாத்துச் செய்வோம்."

கல்யாணமாகி இருபத்தொன்பது வருடத்தில் இவள் பஞ்சாங்கத்தைத் தொட்டதில்லை. ராகு காலத்தில் புடவை வாங்குகிறவள். ராஜாங்கத்திடம் சொன்னேன். ஆவணி எந்தத் தேதியில் பிறக்கிறது என்று இரண்டு தடவை கேட்டார்.

ஜூலை 16

ராஜாங்கம் இன்று மூன்று தடவை கூப்பிட்டார். மூன்றாவது தடவை விலையில் ஒரு லட்சம் குறைக்கிறேன், ஆடியானாலும் பரவாயில்லை, இந்த வாரமே முடித்துக்கொள்வோம் என்றார். பார்த்தாயா, தாமதத்திலும் லாபம் என்று மரகதத்திடம் பெருமையாகச் சொன்னேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டே, "எதுக்காம் இவ்வளவு அவசரம்?" என்றாள். பஸ் கடன் என்றேன். உம் என்றாள்.

ஜூலை 21, ஞாயிறு

கடைசிப் பக்கத்தில் பால் கணக்கு எழுதுகிறவள் முன்பக்கத்தை எல்லாம் படித்திருக்கிறாள். ஜூன் மாதத்திலேயே படித்துவிட்டாளாம். இன்று காலை இட்லிக்கு நடுவில் டைரியைக் கொண்டுவந்து ஜூன் ஒன்பதாம் தேதியைத் திறந்து வைத்தாள்.

"இந்த ஆரோக்கியம், ஓனர் கண்ணு முன்னாலயா ஆணி அடிச்சா?"

"ஆமா. நல்ல மனுசன், ஒண்ணும் சொல்லல."

"ஏங்க, வாடகைக்கு இருக்கிறவ ஓனரப் பக்கத்துல வச்சுக்கிட்டு ஆணி அடிப்பாளா? நான் அடிச்சிருக்கேனா?"

"ஒவ்வொரு ஓனர் ஒவ்வொரு மாதிரி."

"நான் ஒரே ஒரு வீட்டுலதான் அடிச்சேன். சிம்மக்கல் வீட்டுல. எந்தத் தைரியத்துல அடிச்சேண்டு உங்களுக்கு ஞாபகம் இல்லையா?"

இட்லியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன். கோபமாகப் பேசினேன். முழுவதையும் இங்கே எழுத வேண்டியதில்லை.

ஞாபகம் இருக்கிறது. சிம்மக்கல் வீட்டில் நாங்கள் வாடகைக்கு இல்லை, ஒத்திக்கு இருந்தோம். மொத்தமாக அறுபதாயிரம் கொடுத்திருந்தோம். வாடகை கிடையாது, காலி செய்யும்போது பணம் திரும்பி வரும் என்பது பேச்சு. ஒத்திக்கு இருப்பவன் யாருக்கும் பயப்பட மாட்டான். ஓனர்தான் அவனுக்குக் கடன்காரர்.

ஜூலை 22

தொட்டியை அளக்க வேண்டும் என்று சாக்குச் சொல்லிக்கொண்டு வில்லாபுரம் போனேன். ஆரோக்கியம் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

"பதிவு முடிஞ்சதும் வாடகைய எங்கிட்ட குடுத்துருங்கம்மா" என்றேன்.

தலைவாரிக்கொண்டிருந்தவர் சீப்பைக் கீழே வைத்தார். "சார், பத்திரம் எழுதுற அன்னைக்கு எங்க பணத்தக் குடுத்துருவாருல்ல?"

"எந்தப் பணம்?"

அலமாரியிலிருந்து பிஸ்கட் டப்பாவை எடுத்துத் திறந்தார். இருபது ரூபாய் முத்திரைத்தாள். ஏழு லட்சம் ஒத்தி, ராஜாங்கத்தின் கையெழுத்து. கீழே இன்னொரு போர்ஷனும் ஏழு, மேலே இரண்டும் ஆறு ஆறு என்றார். ஆக இருபத்தாறு லட்சம். வாடகை என்று ஒரு பைசா இந்த வீட்டுக்கு எப்போதும் வந்ததில்லை. எதையும் பதியவில்லை என்பதால் வில்லங்கச் சான்றிதழில் ஒன்றும் ஏறவில்லை. அதுதான் அப்படித் துடைத்து வைத்ததுபோல இருந்திருக்கிறது.

"பின்ன ஏம்மா எட்டாயிரம்னு சொன்னீங்க?"

"வாங்குறவருக்கு எல்லாம் தெரியும், பேங்க் லோனுக்காகத்தான் அப்படிச் சொல்லச் சொல்றாருண்டு ராஜாங்கம் சார் சொன்னாரு. நீங்களும் பேங்குக்குத்தாண்டு சொன்னீகளே சார்." கொஞ்சம் நிறுத்தி, "மக நர்சிங் சேரணும். அந்த ஏழுதான் இருக்கு" என்றார்.

தொட்டியை அளந்தேன். ஏற்கெனவே அளந்ததுதான். என்ன செய்வது என்று தெரியாமல் மறுபடியும் அளந்தேன்.

ஜூலை 23

சீனிச்சாமியைப் பிடித்து உலுக்கினேன். தனக்குத் தெரியாது என்று மீனாட்சி மேல் சத்தியம் செய்தார். அவள் மேல் தினமும் எத்தனை சத்தியம் விழுகிறதோ, பாவம். பிறகு நாற்காலியை என் பக்கம் நகர்த்திக்கொண்டு சொன்னார்.

"சார், நீங்க ஏன் கலங்குறீக? நாலு பேரும் வாடகைக்குத்தான் இருக்கோம், வேற பாத்தியதை இல்லைண்டு அவுக கைப்பட உங்ககிட்ட எழுதிக் குடுத்துருக்காக. அவுக ஒத்தி ரிஜிஸ்டர் ஆகல. நீங்க பாட்டுக்குக் கிரயத்த முடிங்க. ராஜாங்கம் குடுத்தா குடுக்குறாரு, குடுக்காட்டி அது அவுகபாடு அவருபாடு. நாளைக்கு கேஸுண்டு போனாலும் நீங்கதான் ஜெயிப்பீக."

வக்கீலிடமும் கேட்டேன். நூற்றுக்கு எழுபது எனக்குச் சாதகமாம். இதைச் சொல்ல இன்னொரு ஆயிரம்.

ஜூலை 24

எழுத ஒன்றுமில்லை. நாலு எட்டு முப்பத்திரண்டு.

ஜூலை 25

அந்த நாலு தாளையும் ஃபைலிலிருந்து எடுத்துப் படித்தேன். ஃபைலில் வைத்தேன். மரகதம் சாப்பிடக் கூப்பிட்டாள். கத்திரிக்காய்ப் புளிக்குழம்பு.

ஜூலை 26

எழுதிவிடுகிறேன். எப்படியும் படிக்கத்தான் போகிறாள்.

1997-இல் சிம்மக்கல் வீட்டு ஓனர் ஒரு தாளை நீட்டினார். "பேங்க் லோனுக்குத்தான் தம்பி, ஒரு கையெழுத்து" என்றார். நான் சைட்டில் வேலை பார்க்கும் டிப்ளமோ இஞ்சினியர், எல்லாம் தெரிந்தவன். போட்டுக் கொடுத்தேன். மாதம் திரும்புவதற்குள் வீட்டை விற்றுவிட்டுப் போய்விட்டார். புது ஓனர் வந்து அந்தத் தாளைக் காட்டினார். மேற்படி வீட்டில் மாத வாடகைக்கு மட்டுமே குடியிருக்கிறேன், இதைத் தவிர வேறு எந்தப் பாத்தியதையும் எனக்கு இல்லை. கீழே என் கையெழுத்து, இனிஷியலோடு.

போன அறுபதாயிரத்தில் நாற்பது, மரகதம் வீட்டில் போட்ட நகை. ஆணியிலிருந்து போட்டோவைக் கழற்றி அவள்தான் துணியில் சுற்றினாள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

அதற்குப் பிறகு நான் மதிப்பீட்டாளன் ஆனேன். என்னைக் கவிழ்த்த வாசகத்தையே ஒரு எழுத்து மாறாமல் எடுத்து, இருபத்தைந்து வருடமாக மற்றவர்களிடம் கையெழுத்து வாங்கி வருகிறேன். இதைச் சாமர்த்தியம் என்று நினைத்திருந்தேன். வெட்கமாக இருக்கிறது.

ஜூலை 28, ஞாயிறு

ராஜாங்கத்தை டவுன்ஹால் ரோடு காப்பிக் கடைக்கு வரச் சொன்னேன். மரகதமும் வருகிறேன் என்றாள். வேண்டாம் என்றேன். வந்தாள்.

இனி எழுதுவதை இரக்கம் என்று யாரும் நினைக்க வேண்டாம். வழக்கு என்று வந்தால் வருடக்கணக்கில் அலைச்சல், நூற்றுக்கு முப்பது தோற்கும் வாய்ப்பு, வக்கீலுக்கு வாய்தாவுக்கு வாய்தா தெண்டம். எல்லாவற்றையும் எடை போட்டுத்தான் முடிவெடுத்தேன்.

"எழுபத்தாறு எழுபத்தாறாவே இருக்கட்டும்" என்றேன். "நீங்க ஒரு லட்சம் கொறச்சது வேண்டாம். ஆனா இருபத்தாறு ஒத்தி என் பொறுப்பு. உங்களுக்கு மிச்சம் அம்பதுதான்."

"அம்பதுல பஸ் கடனே முழுசா அடையாது சார்."

"அடையாதுதான்."

"வேற ஆளுக்குக் குடுத்துக்கிறேன்."

"உடன்படிக்கை பதிஞ்சிருக்கு ராஜாங்கம். நான் கையெழுத்துப் போட்டு ரத்து பண்ணாம யாருக்குக் குடுப்பீங்க?"

ஆறிப்போன காப்பியை ஒரே மடக்கில் குடித்தார். கெட்டவர் என்று சொல்ல முடியவில்லை. மூழ்குகிறவன் பக்கத்திலிருப்பவன் தலையை அழுத்துவதுபோல அழுத்தியிருக்கிறார். "அவங்களுக்கும் குடுத்துரணும்னுதான் நெனச்சேன். கையில பணம் வந்தா எப்படி இருக்கும்னு தெரியல" என்றார். பிறகு, "எப்படிக் கண்டுபுடிச்சீங்க?" என்று என்னைக் கேட்டார்.

"இவங்கதான்" என்றேன்.

மரகதம் இன்னொரு காப்பி சொன்னாள், அவருக்கு.

ஜூலை 30

நாலு தாளிலும் குறுக்கே கோடு போட்டு, ரத்து என்று எழுதி, அவரவர் கையில் திருப்பிக் கொடுத்தேன். மேல் போர்ஷன்காரர் வாங்கிப் பார்த்து, "இதுல என்ன சார் எழுதியிருந்துச்சு? அன்னைக்குப் படிக்கவே இல்ல" என்றார். படித்துக் காட்டினேன். அவர் மனைவி அதைப் பிடுங்கி நாலாகக் கிழித்தார்.

ஆகஸ்ட் 22, வியாழன்

பதிவு முடிந்தது. ஆரோக்கியம் பணத்தை வாங்கிக்கொண்டு மகள் படிக்கும் ஊருக்கே போகிறார். பதிவு அலுவலகத்திலேயே அவர் பெயருக்கு ஏழு லட்சத்துக்கு டி.டி. மற்ற மூன்று பேரும் ஒத்தியிலேயே இருக்கிறார்கள். பத்தொன்பது லட்சத்துக்கு என் பெயரில் புது ஒப்பந்தம், மூன்றையும் பதியச் சொல்லிவிட்டேன். அதைக் கேட்டதும் பதிவு எழுத்தர், ஒத்தி கொடுக்கிற ஓனரே பதியச் சொல்லி இன்றுதான் பார்க்கிறேன் என்றார்.

ராஜாங்கத்துக்கு ஐம்பது, ஆரோக்கியத்துக்கு ஏழு. என்னிடம் நாற்பத்தாறு, ஆகக் கடன் பதினொன்றுதான். தவணை பதினோராயிரத்துச் சொச்சம். வாடகை வரவு முட்டை. வீடு தன் கடனைத் தானே கட்டாது, நான்தான் கட்ட வேண்டும். நாற்காலித் திட்டம் கைவிடப்பட்டது.

ஆடித் தள்ளுபடியில் இப்படி ஒரு சரக்கு வாங்கியவன் மதுரையில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன் என்று மச்சினன் போனில் சொன்னான். சிரித்துவிட்டேன்.

ஆகஸ்ட் 25

கணக்குப் போட்டதில் ஒன்று தெரிகிறது. இப்போது கொடுக்கிற ஒன்பதாயிரம் வாடகை மிச்சமானால் தவணை கிட்டத்தட்ட ஈடாகிவிடும். ஆகவே காலியான கீழ் போர்ஷனுக்கு நாங்களே குடிபோவதுதான் பொருளாதார ரீதியாகச் சரி. வேறு காரணம் எதுவும் இல்லை என்பதை இதைப் படிக்கிறவர் கவனிக்கவும்.

செப்டம்பர் 1, ஞாயிறு

பால் காய்ச்சியாயிற்று. சாமான் இன்னும் பாதி மூட்டையில் இருக்கிறது. மரகதம் முதலில் அவிழ்த்தது போட்டோவைத்தான்.

நடுக்கூடத்துச் சுவரில் ஆரோக்கியத்தின் ஆணி அப்படியே இருந்தது. சரியான உயரம், நல்ல பிடிமானம். தட்டிப் பார்த்துவிட்டு, இதிலேயே மாட்டிவிடலாம் என்றேன்.

"அது அவ அடிச்சது" என்றாள்.

புடவைத் தலைப்பில் முடிந்திருந்த முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே ஒரு பழைய ஆணி. துரு ஏறி, நுனி லேசாக வளைந்திருந்தது. சிம்மக்கல் வீட்டை விட்டு வரும்போது சுவரிலிருந்து பிடுங்கியதாம். இருபத்தேழு வருடம் ஆறு வீடு மாற்றி இதைக் கொண்டுவந்திருக்கிறாள். எனக்குத் தெரியாது. இருபத்தைந்து வருடமாகச் சுவர்களை மட்டும் பார்த்திருக்கிறேன்.

புது ஆணி வாங்கித் தருகிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. வளைந்த நுனியை அம்மிக்கல்லில் வைத்துத் தட்டி நிமிர்த்திக் கொடுத்தேன்.

நாற்காலியில் ஏறினாள். பிடித்துக்கொண்டேன். முதல் அடியிலேயே உளுந்துவடை அளவுக்குப் பூச்சு பெயர்ந்து என் தலையில் விழுந்தது. சுவர் மதிப்பில் முந்நூறு ரூபாய் காலி என்றேன்.

"எழுதி வச்சுக்கங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த அடி அடித்தாள்.

எழுதி வைத்துவிட்டேன்.